பழைய பட்டாளப் படம் பேசுமா?

உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் "பட்டாளத்துக்காரர் வீடு" என்று அழைக்கப்படும் வீடுகள் உண்டு. அந்த வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் மறைந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகியிருக்கும். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம் தொங்கும். காலில் சுற்றிய பட்டையும், இடுப்பில் வாரும், மார்பில் ஒன்றிரண்டு நாடாக்களுமாக ஓர் இளைஞர் விறைப்பாக நின்று கொண்டிருப்பார். "எங்கள் கொள்ளுத்தாத்தா. ஜெர்மன் சண்டைக்குப் போனவர்" என்பார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த நாடு என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

இந்த வினாக்களுக்கு விடை பெரும்பாலும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. புதைபொருள் ஆராய்ச்சியாளர் ஒரு பானை ஓட்டைக் கொண்டு காலத்தைக் கணிப்பது போல, ஒரு பித்தளை எண்ணையும், தொப்பியின் அமைப்பையும், பதக்கத்தின் நாடாவையும் கொண்டு ஒரு போர்வீரரின் படைப்பிரிவைக் கண்டறியலாம். அதற்கான முறையை இக்கட்டுரையில் காண்போம்.

படைப்பிரிவு ஏன் முக்கியம்?

முதல் உலகப் போரில் (1914-1918) இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களில் 74,000 பேர் வரை உயிரிழந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர் போர்வீரர்களாகவும், 41 ஆயிரம் பேர் பிற பணியாளர்களாகவும் சேர்க்கப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் (1939-1945) இந்தியப் படையின் எண்ணிக்கை 25 இலட்சத்தை எட்டியது.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் "முனுசாமி", "கோவிந்தன்", "அந்தோணி" என்னும் பெயரை மட்டும் வைத்துக் கொண்டு ஒருவரைத் தேட முடியாது. பழைய இராணுவ ஆவணங்கள் அனைத்தும் படைப்பிரிவு வாரியாகவே அடுக்கப்பட்டவை. போர் நாட்குறிப்புகள், பதக்கப் பட்டியல்கள், இறந்தோர் பதிவேடுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் திறவுகோல் படைப்பிரிவின் பெயரே. அது கிடைத்துவிட்டால் பெயர் தேடுவது எளிதாகும். அது கிடைக்காவிட்டால், பெயர் தெரிந்திருந்தும் பயனில்லை.

ஒரு சோகமான உண்மையையும் இங்குச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் மெசபொடோமியாவில் (இன்றைய இராக்கில்) இறந்து, கல்லறை அறியப்படாதவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ, ஒவ்வொரு படைப்பிரிவின் பெயருக்குக் கீழும் "இத்தனை பேர்" என்னும் எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டவர்களின் தொகை 45,000 முதல் 54,000 வரை இருக்கும் என்று ஒப்புக்கொண்டது. கல்லில் பெயர் இல்லாதவருக்குச் சுவரில் தொங்கும் படம்தான் நினைவுச்சின்னம்.

முதலில் படத்தையே ஆராய்க

படத்தில் உள்ளவரைப் பார்க்கும் முன், படம் ஒட்டப்பட்டுள்ள அட்டையைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் படநிலையங்கள் தங்கள் பெயரையும் ஊரையும் அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ அச்சிட்டு வந்தன. பெங்களூர், செகந்திராபாத், இரங்கூன் என்று ஊர்ப்பெயர் இருந்தால், அது வீரர் தங்கியிருந்த பாசறைக்கு முதல் தடயம். சட்டத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்காமலேயே பல குடும்பங்கள் இத்தடயத்தை இழந்துவிடுகின்றன.

படம் அஞ்சலட்டைத் தாளில் அச்சிடப்பட்டிருந்தால் பின்புறம் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் முகவரி. இம்முறை பிரிட்டனில் 1902-ல்தான் தொடங்கியது. ஆகவே அத்தகைய அட்டை 1902-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடுத்து, படம் இடவலமாக மாறியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எதிர்ப்படத்தைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டால், அல்லது பழைய தகரத் தகட்டுப் படமாக இருந்தால், கண்ணாடியில் தெரிவது போல எல்லாம் மாறித் தோன்றும். இதற்கு எளிய சோதனைகள் உண்டு. ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத் துணியின் மேல் படியும். பதக்கங்கள் இட மார்பில் இருக்கும். துப்பாக்கியின் தாழ்ப்பாள் பிடி வலப்புறம் இருக்கும். இவை மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று பொருள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: இறந்தவரின் பதக்கத்தை உறவினர் அணியும்போது வல மார்பில் அணிவது மரபு.

கறுப்பு வெள்ளையில் நிறங்கள்

இங்கே வேதியியல் நமக்குக் கைகொடுக்கிறது. பழைய படங்களில் நிறங்கள் நம் கண் காணும் ஒளிர்வின்படி பதிவாவதில்லை. வெள்ளி உப்புகள் இயல்பாக நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் மட்டுமே நன்கு உணரும். சிவப்பு அவற்றுக்கு இருட்டே. அதனால்தான் படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய முடிந்தது.

1873-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல், பூச்சில் சில சாயங்களைக் கலந்தால் அது பச்சை, மஞ்சள் ஒளிகளையும் உணரும் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-ல் விற்பனைக்கு வந்தன. ஆயினும் சிற்றூர்ப் படநிலையங்கள் பழைய வகைத் தகடுகளையே நெடுங்காலம் பயன்படுத்தின.

இதன் விளைவு என்ன? செக்கச்சிவந்த மேலங்கி படத்தில் கறுப்பாகத் தோன்றும். நீல நாடா வெளிறித் தோன்றும். மஞ்சள் பட்டை கருமையடைந்திருக்கும். "தாத்தா கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார், ஆகவே அவர் காவல்துறை" என்று முடிவு கட்டுவது தவறாகலாம். பழைய சென்னைப் படையின் சிவப்பு அங்கியாகவே அது இருக்கக்கூடும்.

முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் நாடாவை எடுத்துக் கொள்வோம். நடுவில் ஆரஞ்சு, அதன் இருபுறமும் வெள்ளை, பின் கறுப்பு, ஓரத்தில் நீலம். பழைய தகட்டில் ஆரஞ்சு இருண்டும், ஓர நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் பதிவாகும். நிறத்தைத் தேடாமல், இருள்-ஒளி வரிசையைத் தேடினால் நாடா பிடிபடும்.

படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அந்த வண்ணத்தை நம்ப வேண்டாம். தீட்டியவர் அந்தச் சீருடையைக் கண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று கணினியும் செயற்கை நுண்ணறிவும் கொண்டு வண்ணமேற்றும் படங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மங்கிய எழுத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்கள், இல்லாத எண்ணை இருப்பதாக எழுதிக் காட்டக்கூடும். மூலப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாகாது.

முடியும் சிங்கமும்

காலத்தைக் கணிக்க மிக எளிய அடையாளம், சின்னங்களின் மேல் உள்ள முடி. விக்டோரியா அரசி காலத்து முடியின் வளைவுகள் நடுவில் சற்றுத் தாழ்ந்து குழிந்திருக்கும். 1901-ல் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தபின் பயன்படுத்தப்பட்ட முடியின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு எழும். 1950-ல் இந்தியா குடியரசானதும் முடி மறைந்தது. அசோகச் சிங்கம் வந்தது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். படம் இந்த மூன்று காலங்களில் எதைச் சேர்ந்தது என்று கூறிவிடலாம்.

பதவியைக் கையில் உள்ள பட்டைகள் காட்டும். மேற்கையில் கீழ்நோக்கிய கூர்முனைப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். முன்கையில் மேல்நோக்கி இருப்பவை பதவியைக் குறிப்பவை அல்ல. இடக்கையில் இருந்தால் நன்னடத்தைக்காகவும், வலக்கையில் சிறியனவாக இருந்தால் முதல் உலகப் போரில் கடல் கடந்த பணிக்காகவும் தரப்பட்டவை. இடது முன்கையில் நெடுக்காக ஒரு சிறு பித்தளைக் கோடு இருந்தால், அவர் போரில் காயமுற்றவர். இக்கோடு 1916-ல் தொடங்கப்பட்டது. குடும்பக் கதையில் இல்லாத ஒரு காயம் இவ்வாறு நூறு ஆண்டுகளுக்குப் பின் தெரிய வரலாம்.

கால்பட்டையும் பேசும். காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே முடிச்சிடுவர். குதிரையேறும் படையினர் மேலிருந்து தொடங்கிக் கணுக்காலில் முடிப்பர். முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

துப்பாக்கியை வைத்துக் காலம் கணிப்பதில் எச்சரிக்கை தேவை. 1857-க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் வீரர்களைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிகளையே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே ஒரு பொருள், படம் எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். பிந்திய எல்லையைச் சொல்லாது. படத்தில் உள்ள பொருள்களில் மிகப் புதியது எதுவோ, அதுவே முந்திய எல்லையை நிறுவும்.

எண்களின் புதிர்

தோள்பட்டையில் உள்ள பித்தளை எண்ணே மிகச் சிறந்த சான்று. ஆனால் அதைப் படிப்பதற்கு வரலாறு தெரிய வேண்டும்.

1895 வரை சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களுக்குத் தனித்தனிப் படைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண்கள் தொடங்கின. 1903-ல் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டு வந்தார். சென்னைக் காலாட்படையின் பழைய எண்ணுடன் 60 கூட்டப்பட்டது. 13-ஆம் சென்னைக் காலாட்படை 73-ஆம் கர்நாடகக் காலாட்படை ஆயிற்று. 23-ஆம் படை 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை ஆயிற்று. 1-ஆம் படை 61-ஆம் பயனீர் படை ஆயிற்று. இங்கே "கர்நாடகம்" என்பது ஆற்காட்டுச் சீமையைக் குறிக்கும் பழைய பெயர். இன்றைய கர்நாடக மாநிலம் அன்று.

எனவே உங்கள் படத்தில் தோளில் "13" என்று இருந்தால் 1903-க்கு முந்தியது என்றும், "73" என்று இருந்தால் பிந்தியது என்றும் கருதலாம். இரண்டும் ஒரே படையே.

ஆனால் எல்லா எண்களும் இவ்வளவு நேராக இல்லை. 2-ஆம் சென்னைக் காலாட்படை 62-ஆம் பஞ்சாபிப் படையாகவும், 7-ஆம் படை 67-ஆம் பஞ்சாபிப் படையாகவும் பெயர் மாறின. படையின் எண் தொடர்ந்தது. அதில் இருந்த தென்னாட்டார் நீக்கப்பட்டுப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். 1922-ல் இவை பஞ்சாப் ரெஜிமெண்டுகளில் இணைந்தன. 1947-ல் 62-ஆம் படையின் வழித்தோன்றல் பாகிஸ்தானுக்கும், 67-ஆம் படையின் வழித்தோன்றல் இந்தியாவுக்கும் சென்றன. 1890-களில் தென்னார்க்காட்டிலிருந்து 2-ஆம் சென்னைப் படையில் சேர்ந்த ஒருவரின் படைப்பிரிவு, இன்று பாகிஸ்தான் இராணுவத்தில் இருக்கிறது! வரலாற்றின் விந்தை இது.

1922-க்குப் பின் எண்கள் பின்னம் போல எழுதப்பட்டன. "2/3" என்றால் மூன்றாம் ரெஜிமெண்டின் இரண்டாம் அணி என்று படிக்க வேண்டும்.

கலைக்கப்பட்ட படைகள்

சென்னைப் படைகளுக்கு ஏன் இந்த நிலை? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "போர்க்குணமுள்ள இனங்கள்" என்ற கொள்கை ஆங்கிலத் தளபதிகளிடையே பரவியது. வடமேற்கு மக்களே போருக்குரியவர், தென்னாட்டார் அல்லர் என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த இராபர்ட்ஸ் இக்கருத்தின் பெரும் ஆதரவாளர். அறிவியல் அடிப்படை எதுவும் இல்லாத இக்கொள்கையே தென்னாட்டுப் படைகளைத் தேய்த்தது.

முதல் உலகப் போருக்குப் பின் 1922-ல் எஞ்சிய சென்னைக் காலாட்படைகள் மூன்றாம் சென்னை ரெஜிமெண்டாகச் சேர்க்கப்பட்டன. 1928-க்குள் அதுவும் முழுமையாகக் கலைக்கப்பட்டது. 61, 64, 81 ஆகிய படைகள் சேர்ந்து உருவான சென்னைப் பயனீர் படை 1933-ல் கலைக்கப்பட்டது. இது வெறும் படைச் செய்தி அன்று. நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு, படை வேலை என்பது மாதச் சம்பளமும், எழுத்தறிவும், ஓய்வூதியமும், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையும் தந்த அரிய வாயிலாக இருந்தது. அந்த வாயில் அடைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1941-ல் தொடங்கிச் சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. அக்கொள்கை பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் ஆய்வுக்கு இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு தமிழ் வீரரின் படம் 1934-க்கும் 1940-க்கும் இடைப்பட்டது என்று உறுதியானால், அவர் சென்னைக் காலாட்படையின் முழுநேர வீரராக இருந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் அவர் சென்னைச் சாப்பர் படையினராக இருப்பார்.

துப்டா அணிந்த தம்பிகள்

சாப்பர் படை என்பது பொறியியல் படை. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணி வெடி அகற்றல் ஆகியவை அதன் பணிகள். 1780-ல் தொடங்கிய சென்னைச் சாப்பர் படை ஒருபோதும் கலைக்கப்படவில்லை. இன்றும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அப்படையினரைத் "தம்பிகள்" என்று செல்லமாக அழைப்பர்.

அவர்களைப் படத்தில் கண்டுகொள்வது எளிது. மற்ற படையினர் தலைப்பாகை அணிந்த காலத்தில், இவர்கள் முன்விளிம்பு இல்லாத, உருளை போன்ற தனிவகைத் தொப்பி அணிந்தனர். அதன் பெயர் துப்டா. படத்தில் அத்தொப்பி இருந்தால், படைப்பிரிவை ஏறக்குறைய உறுதி செய்துவிடலாம். தொப்பியிலோ கழுத்துப்பட்டையிலோ தீச்சுடர் எழும் கைக்குண்டு வடிவம் இருந்தால் அதுவும் துணைச்சான்று. ஆனால் அச்சின்னத்தை வேறு சில படைகளும் அணிந்ததால், அதனை மட்டும் நம்பக்கூடாது.

யானைச் சின்னமும் இத்தகையதே. 1803 செப்டம்பர் 23-ல் நடந்த அசாயே போரின் நினைவாக அளிக்கப்பட்டது அது. இன்றைய சென்னை ரெஜிமெண்டின் சின்னத்தில் யானை உண்டு. ஆனால் அப்போரில் கலந்துகொண்ட பிற படைகளும், பிரிட்டிஷ் படைகள் உட்பட, யானையை அணிந்தன.

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் தோளுக்குக் கீழே துணியால் ஆன ஒரு சின்னம் இருக்கலாம். அது ரெஜிமெண்டின் சின்னம் அன்று. பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த டிவிஷனின் சின்னம். செங்கழுகு 4-ஆம் டிவிஷன். கறுப்புப் பூனை 17-ஆம் டிவிஷன். குத்துவாள் ஏந்திய கை 19-ஆம் டிவிஷன். சண்டைச்சேவல் 23-ஆம் டிவிஷன். கழுகு என்றால் ஆப்பிரிக்கா, இத்தாலி. பூனை என்றால் பர்மா. வீரர் சென்ற நாட்டை அது காட்டிவிடும்.

சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியின் மின்யானோ அருகே, கண்ணிவெடி ஒன்றின் மீது தம் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காத்து உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அவர் எந்தப் படையில், எந்தக் களத்தில், எந்த நாளில் இருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது, படைப்பிரிவின் ஆவணத்தில் அவை பதிந்திருப்பதால்தான்.

ஒரு பயிற்சி

ஒரு படத்தைக் கற்பனை செய்து கொள்வோம். ஒருவர் நாற்காலி அருகே நிற்கிறார். விளிம்பற்ற உருளைத் தொப்பி. மேற்கையில் இரண்டு பட்டைகள். இட மார்பில் இரண்டு நாடாக்கள். ஒன்று நடுவில் இருண்டு, ஓரங்களில் வெளிறியது. மற்றது வானவில் போல ஒன்றில் ஒன்று கலந்தது. அட்டையின் அடியில் "பெங்களூர்" என்று அச்சு.

தொப்பி சாப்பர் படையைக் காட்டுகிறது. ஊர்ப்பெயர் அதனுடன் பொருந்துகிறது. இரண்டு பட்டை என்பதால் நாயக். நாடாக்கள் பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் ஆகலாம். அப்படியானால் படம் 1919-க்குப் பிந்தியது. மூன்றாவதாக 1914-15 நட்சத்திரத்தின் நாடா இல்லை. ஆகவே அவர் 1916-லோ அதற்குப் பின்னரோதான் போர்க்களம் சென்றிருப்பார். இரண்டாம் உலகப் போரின் நாடா ஒன்றும் இல்லாததால் 1945-க்கு முந்திய படம். இவ்வாறு ஒன்றையொன்று சாராத நான்கைந்து சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் முடிவு உறுதிப்படும். ஒரே சான்றை மட்டும் நம்பி எழுப்பும் முடிவு ஒற்றைக்காலில் நிற்கும் பந்தல்.

படையினரா, பிறரா?

காக்கி உடுத்தவர் எல்லாம் படையினர் அல்லர். 1921-ல் தொடங்கிய மலபார் சிறப்புக் காவல் படையும், பிற காவல் அணிகளும் காக்கியும் பட்டையும் அணிந்தன. உளுந்தூர்பேட்டையிலேயே தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-ஆம் அணி உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது இவ்வூரில் விமான ஓடுதளம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆகவே இப்பகுதி வீடுகளில் உள்ள படம் காவலர், விமானப்படைப் பணியாளர் ஆகியோருடையதாகவும் இருக்கலாம். மலேயா தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வீட்டில் இருக்கும் படம், இந்திய தேசிய இராணுவ வீரருடையதாகவும் இருக்கக்கூடும். அப்படையின் தொப்பிச் சின்னத்தில் இந்திய வரைபடத்தைக் காணலாம்.

சுமை தூக்கியவர், சமைத்தவர், காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலில் சுமந்தவர் ஆகியோரும் போருக்குச் சென்றவர்களே. தொழிலாளர் படைகளுக்குப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் அல்லாமல் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. வீட்டில் இருக்கும் பதக்கம் வெண்கலமாக இருந்தால் வருந்த வேண்டாம். அதுவே தேட வேண்டிய பிரிவைச் சுட்டிக் காட்டுகிறது.

படத்துக்கு அப்பால்

பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரின் பதக்க விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களிலும் இந்தியர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. பதக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். விளிம்பை வெள்ளிக்காகக் காசாக்கிவிட்ட குடும்பங்களும் பல. படம் மட்டுமே மிஞ்சியிருந்தால், மேலே கூறிய வழிகளே துணை.

ஊரில் பழைய சாவடி, பள்ளிக்கூடம், வட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் பளிங்குப் பலகை உள்ளதா என்று பாருங்கள். "இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர்" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பொறித்த பலகைகளை அக்கால அரசு பல ஊர்களில் பதித்தது. அவற்றிலும் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

போரில் இறந்தவராயின், பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும், ஊரும், மாவட்டமும் தரப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கான நினைவுச்சின்னம் உள்ளது. உயிரோடு திரும்பியவராயின், சாப்பர் படைக்குப் பெங்களூரிலும், சென்னை ரெஜிமெண்டுக்கு வெல்லிங்டனிலும் உள்ள அலுவலகங்களுக்கு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழிகாட்டும். சீருடைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் உதவும்.

தேடும்போது ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல்தான் பிறந்தது. அதற்கு முன் 1993 முதல் இப்பகுதி விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன் எல்லாம் தென்னார்க்காடு. முதல் உலகப் போர்க் காலத்தில் உளுந்தூர்பேட்டை என்னும் பெயரில் வட்டம் இல்லை. ஆகவே கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், விருத்தாசலம் ஆகிய வட்டப் பெயர்களிலும் தேட வேண்டும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயரை எழுதினார். ஒரே ஊர் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குச் சென்ற 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 2021-ல் அவை இணையத்தில் வெளியிடப்படத் தொடங்கியபின், பல குடும்பங்கள் தங்கள் முன்னோரைக் கண்டுகொண்டன. தமிழகத்துக்கு அத்தகைய பெரும் பதிவேடு கைக்கு எட்டும் வகையில் இல்லை. வீடுகளில் உள்ள படங்களே நம் பதிவேடு.

அப்பதிவேடோ நாள்தோறும் அழிந்து வருகிறது. ஈரக்காற்றில் படத்தின் வெள்ளி ஆக்ஸிகரணமடைந்து, இருண்ட பகுதிகளில் கண்ணாடி போன்ற பளபளப்பு ஏறுகிறது. பூச்சியும் பூஞ்சையும் தாளைத் தின்கின்றன. போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, யாரென்று தெரியாத படம் முதலில் வெளியே போகிறது.

ஆகவே உங்கள் தெருவில் உள்ள பட்டாளத்துக்காரர் வீட்டுக்குச் செல்லுங்கள். அனுமதி பெற்று, படத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். ஒட்டிக்கொண்ட கண்ணாடியைப் பிய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். ஒளியைப் பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்து மற்றொரு படம் எடுத்தால், அட்டையில் அழுத்திப் பதித்த எழுத்துகள் நிழல் கொண்டு எழுந்து தெரியும். பெரியவர்கள் சொல்லும் செய்தியை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். படம் சொல்வதைத் தனியே எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் வரலாறு கிடைக்கும். முரண்படும் இடத்தில் மேலும் தேட வேண்டிய வினா கிடைக்கும்.

படத்தின் பின்புறம், மென்மையான பென்சிலால், அவர் பெயரையும், ஊரையும், கண்டறிந்த படைப்பிரிவையும் எழுதுங்கள். பஸ்ராவின் கல்லில் இடம் பெறாத பெயர், உளுந்தூர்பேட்டை வீட்டுச் சுவரிலாவது நிலைக்கட்டும்.